ஒரு பின்நகர்த்தி கேயாஸ் ஆனதா? தாளில் சரிபார்க்கும் வழி

நேரியல் ஆபரேட்டர் (வெக்டரை வெக்டராக மாற்றும், கூட்டலையும் எண்ணால் பெருக்குவதையும் குலைக்காத விதி) என்றால் அடங்கி நடக்கும் என்ற எண்ணம் இளங்கலையிலேயே மனதில் ஊறிவிடுகிறது. முதுகலைக்கு ஃபங்ஷனல் அனாலிசிஸ் எடுக்கும்போது, அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "மேம், கேயாஸ் வரணும்னா நான்லீனியரா இருக்கணுமே?" தேவையில்லை. முடிவிலி பரிமாணத்தில் நேரியல் ஆபரேட்டரிலும் கேயாஸ் வரலாம். அதை நம்பவைக்க நான் தேற்றத்தைச் சொல்வதில்லை. தாளையும் பேனாவையும் எடுக்கச் சொல்கிறேன். எடைகள் கொண்ட ஒரு நகர்த்தியை, அதாவது தொடர்வரிசையை ஓரிடம் தள்ளி ஒவ்வொரு உறுப்பையும் ஓர் எண்ணால் பெருக்கும் ஆபரேட்டரைக் கொடுத்தால், அது கேயாஸ் ஆனதா இல்லையா என்று இரண்டு வரி அட்டவணை போட்டே சொல்லிவிடலாம். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதைச் சரிபார்க்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். கேயாஸுக்குக் கணிதர் டெவானி 1980-களில் கொடுத்த வரையறையில் மூன்று நிபந்தனைகள் உண்டு: வெளி முழுவதும் சுற்றித் திரியும் பாதை, அடர்த்தியான (எந்தப் புள்ளிக்கும் நாம் கேட்கும் அளவு பக்கத்தில் ஒன்றாவது இருக்கும்) சுழற்சிப் புள்ளிகள், தொடக்கத்தில் சிறிது மாறினாலும் பின்னால் பெரிதாக விலகிப்போகும் தன்மை. மூன்றாவதுதான் "பட்டாம்பூச்சி விளைவு" என்று பிரபலமானது. ஆனால் முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவது தானாகவே வந்துவிடும் என்று 1992-இல் பேங்க்ஸும் அவரோடு நால்வரும் காட்டினார்கள். ஆகவே நமக்கு வேலை இரண்டுதான். ஒரு வெக்டரிலிருந்து கிளம்பி ஆபரேட்டரைத் திரும்பத் திரும்பப் போட்டால் வெளியின் ஒவ்வொரு மூலைக்கும் பக்கத்தில் போக வேண்டும். சில தடவைக்குப் பிறகு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் வெக்டர்கள் எங்கும் நிறைந்திருக்க வேண்டும். இந்த வரையறையை நேரியல் ஆபரேட்டர்களுக்குக் கொண்டுவந்தவர்கள் கோடெஃப்ருவாவும் ஷபிரோவும், ஆண்டு 1991.

கணக்கில் இறங்குமுன் வெளியைப் பாருங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். எல்லைக்குட்பட்ட எல்லாத் தொடர்வரிசைகளும் அடங்கிய எல்-முடிவிலி வெளி என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒரு பாதையில் இருப்பவை எண்ணத்தக்க (1, 2, 3 என்று பட்டியலிடக்கூடிய) புள்ளிகள். அந்த வெளியிலோ எந்த எண்ணத்தக்க கணமும் அடர்த்தியாக இருக்காது. எல்-1, எல்-2, எல்-3 போன்றவையும் (உறுப்புகளின் மட்டை முறையே 1, 2, 3-ஆம் படிக்கு உயர்த்திக் கூட்டினால் முடிவான தொகை வரும் தொடர்வரிசைகள்), பூச்சியத்தை நோக்கிப் போகும் தொடர்வரிசைகளின் வெளியும் சரி. அடுத்து நார்ம், அதாவது ஆபரேட்டர் ஒரு வெக்டரின் நீளத்தை அதிகபட்சம் எத்தனை மடங்காக்கும் என்ற அளவு. ஆபரேட்டரின் நார்ம் 1 அல்லது அதற்குக் கீழே என்றால் பாதை தொடக்கப் பந்தை விட்டு வெளியே போகவே முடியாது. ஆகவே எடை ஏதும் இல்லாத வெறும் பின்நகர்த்திக்கு, அதாவது முதல் உறுப்பைத் தள்ளிவிட்டு மற்றவற்றை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்துவதற்கு, வாய்ப்பே இல்லை.

முடிவுறு பரிமாணத்தில் ஏன் முடியாது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். எந்தச் சதுர அணியின் இடமாற்று அணிக்கும் ஒரு ஐகன் வெக்டர் (அணியைப் போட்டால் ஓர் எண்ணால், அதாவது ஐகன் மதிப்பால், மட்டுமே பெருகும் வெக்டர்) இருந்தே தீரும். அதை வைத்துப் பாதையை அளந்தால், ஒவ்வொரு அடியிலும் அளவு ஒரே கலப்பெண்ணால் பெருகிக்கொண்டே போகும். அந்த எண்ணின் மட்டு 1-க்கு மேல் என்றால் அளவு பூச்சியத்தின் பக்கம் திரும்பாது. 1-க்கு மேல் இல்லையென்றால் பெரிய எண்களை எட்டாது. இரண்டில் எதுவானாலும் கலப்பெண் தளம் முழுவதையும் தொட முடியாது, பாதையும் அடர்த்தியாக முடியாது. இந்தச் சிறு வாதம் முடிவிலி பரிமாணத்துக்கும் ஒரு வடிகட்டியாகப் பயன்படும்: அட்ஜாயின்ட்டுக்கு (இடமாற்று அணியின் முடிவிலி வடிவத்துக்கு) ஒரே ஒரு ஐகன் மதிப்பு இருந்தாலும் அந்த ஆபரேட்டரைக் கீழே வைத்துவிடலாம்.

ரோலெவிச்சின் ஆபரேட்டரைக் கையால் போடுவது

1969-இல் போலந்துக் கணிதர் ரோலெவிச் கொடுத்த எடுத்துக்காட்டைவிட எளிதானது எனக்குத் தெரிந்து இல்லை. பின்னால் நகர்த்து, 2-ஆல் பெருக்கு. அவ்வளவுதான். 2-க்குப் பதில் 1-க்கு மேல் எந்த எண்ணை வைத்தாலும் நடக்கும். இதற்கு முன்பே பிர்காஃப் 1929-இலும் மெக்லேன் 1952-இலும் இப்படிப்பட்ட பாதைகளைக் கண்டிருந்தார்கள். ஆனால் அவை முழுச் சார்புகளின் (கலப்பெண் தளம் முழுவதும் வகையிடத்தக்கவற்றின்) வெளியில். ஒன்று இடப்பெயர்ச்சி, மற்றது வகையிடல். பனாக் வெளியில் (நார்ம் உள்ள முழுமையான வெளி; எல்-2 அப்படி ஒன்று), பள்ளிப் பிள்ளைகூட போட்டுப் பார்க்கக்கூடிய வடிவில் கொடுத்தவர் ரோலெவிச். எல்-2 வெளியில் இதைப் போடுவோம்.

சுழற்சிப் புள்ளியில் தொடங்குங்கள். ஒரே அடியில் தன்னிடமே திரும்பும் வெக்டர் எது? முதல் உறுப்பு 1 என்றால் இரண்டாவதின் இருமடங்கு 1 ஆக வேண்டும், ஆகவே அது 1/2. அடுத்தது 1/4. வெக்டர் (1, 1/2, 1/4, 1/8, …). வர்க்கங்களைக் கூட்டினால் 4/3, அதாவது எல்-2-க்குள் இருக்கிறது. சரி. மூன்று அடியில் திரும்பும் வெக்டர் வேண்டுமா? முதல் மூன்று உறுப்புகளை உங்கள் இஷ்டத்துக்கு எழுதுங்கள், உதாரணமாக 5, 0, −1. பிறகு ஒவ்வொரு மூன்றையும் முந்திய மூன்றின் எட்டில் ஒரு பங்காக எழுதிக்கொண்டே போங்கள்:

(5, 0, −1, 5/8, 0, −1/8, 5/64, 0, −1/64, …)

மூன்று இடம் நகர்த்தி 8-ஆல் பெருக்கினால் அதே வெக்டர். இங்கேயே ஒரு நிமிடம் நின்று, கையால் பெருக்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். மனதில் நினைத்துப் பார்ப்பதும் எழுதிப் பார்ப்பதும் ஒன்றல்ல.

இவை அடர்த்தியாக இருக்கின்றனவா? (5, 0, −1, 0, 0, …) என்ற வெக்டருக்குப் பக்கத்தில் ஒரு சுழற்சிப் புள்ளி வேண்டும். மேலே எழுதியது அதிலிருந்து கிட்டத்தட்ட 0.64 தூரத்தில் இருக்கிறது. அது போதாது என்றால், 5, 0, −1-க்குப் பின்னால் ஏழு பூச்சியங்களைச் சேர்த்துப் பத்து உறுப்புகளின் தொகுதியாக்குங்கள். இப்போது அடுத்தடுத்த தொகுதிகள் 1024-ஆல் வகுபடும், தூரம் 0.005 ஆகக் குறையும். பூச்சியங்கள் கூடக் கூடத் தூரம் நம் விருப்பப்படி சுருங்கும். முடிவுறு எண்ணிக்கையில் பூச்சியமல்லாத உறுப்புகள் கொண்ட வெக்டர்கள் எல்-2-இல் அடர்த்தியானவை. அவற்றின் பக்கத்தில் சுழற்சிப் புள்ளிகள். சுழற்சிப் புள்ளி நிபந்தனை முடிந்தது.

இனி எங்கும் திரியும் பாதை. முன்னோக்கியே பார்த்துக்கொண்டிருந்தால் இது கைக்கு வராது. பின்னால் போக வேண்டும். நம் ஆபரேட்டரை ஒரு பக்கமாவது திருப்பிப்போடும் ஆபரேட்டர் எது? வலப்பக்கம் ஓரிடம் நகர்த்தி, 2-ஆல் வகுத்து, முன்னால் ஒரு பூச்சியம் போடுவது. இதைப் போட்டுவிட்டு நம்முடையதைப் போட்டால் பழைய வெக்டர் அப்படியே கிடைக்கும். இதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் வெக்டர் ஒவ்வொரு அடியிலும் பாதியாகிச் சுருங்கும். மறுபக்கம், முடிவுறு வெக்டரின் மீது நம்முடையதைப் போட்டால் சில அடிகளில் எல்லாம் இடப்பக்கம் விழுந்து பூச்சியமாகிவிடும். இந்த இரண்டு உண்மைகளும் கையில் இருந்தால் பாதையைக் கட்டிவிடலாம்.

வங்கியில் வைப்புத் தொகை போடுவது மாதிரிதான் இது. பத்தாவது அடியில் (3, −2) வந்து நிற்க வேண்டுமா, 11-ஆவது இடத்தில் 3/1024, 12-ஆவது இடத்தில் −2/1024 என்று இன்றே போட்டு வையுங்கள். ஒவ்வொரு அடியிலும் இரட்டித்துப் பத்தாவது அடியில் முதிர்ந்துவிடும். முப்பதாவது அடியில் (100) வேண்டுமா, 31-ஆவது இடத்தில் 100-ஐ 2-இன் 30-ஆம் படியால் வகுத்துப் போடுங்கள். முதல் இடத்தில் 1 இருக்கட்டும். இப்போது பத்து அடி நகர்த்துங்கள். பழைய 1 எப்போதோ விழுந்துவிட்டது. முன்னால் 3, −2 நிற்கின்றன. 21-ஆவது இடத்தில், முதிராத 100-இன் பங்கு 0.0000954 மட்டும். அதாவது (3, −2, 0, 0, …) என்ற இலக்குக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டோம். இன்னும் இருபது அடியில் (100, 0, 0, …).

விகிதமுறு உறுப்புகள் கொண்ட முடிவுறு வெக்டர்களை ஒரு பட்டியலாக எழுத முடியும், ஏனென்றால் அவை எண்ணத்தக்கவை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இப்படித் தூர இடத்தில் சுருக்கிப் போடுங்கள். அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே இடைவெளி போதுமான அளவு இருந்தால் போதும்: முதிரும் நேரத்தில் மற்றவற்றின் பங்கு பொருட்படுத்தாத அளவில் இருக்கும், மொத்தத் தொடரும் ஒருங்கும் (கூட்டல் ஒரு முடிவான மதிப்பில் நிற்கும்). அந்த ஒற்றை வெக்டரின் பாதை எல்-2 முழுவதும் அடர்த்தியானது. எனக்கு இந்தக் கட்டுமானம் ஒவ்வொரு முறை கரும்பலகையில் எழுதும்போதும் மகிழ்ச்சி தருகிறது. எழுதி முடித்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும், அதற்காகவே மெதுவாக எழுதுவேன்.

எடைகள் வந்தால்: இரண்டு வரி அட்டவணை

இனி 2-க்குப் பதில் இடத்துக்கு இடம் வேறு எடை. இரண்டாம் உறுப்பை முதல் எடையால் பெருக்கி முதல் இடத்தில் வை, மூன்றாம் உறுப்பை இரண்டாம் எடையால் பெருக்கி இரண்டாம் இடத்தில் வை, இப்படியே. எடைகள் மிகை எண்கள், எல்லைக்குட்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். சில புத்தகங்களில் எடைகளின் எண் ஒன்று தள்ளித் தொடங்கும். குறிப்பெடுக்கும்போது அதைக் கவனியுங்கள்.

தாளில் முதல் வரியில் எடைகள். இரண்டாம் வரியில், அந்த இடம் வரை வந்த எடைகளின் பெருக்கற்பலன். நான் இரண்டாம் வரியைச் சிவப்பு மையில் எழுதச் சொல்வேன், ஏனென்றால் இதற்குப் பின் முதல் வரியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. முடிவெல்லாம் சிவப்பு வரியில்தான்.

சிவப்பு வரி எல்லையில்லாமல் பெரிதானால், நடுவில் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, அடர்த்தியான பாதை உண்டு. இது சாலாஸ் 1995-இல் நிறுவியது. சுழற்சிப் புள்ளிகளும் சேர்ந்து கேயாஸ் வேண்டுமென்றால் நிபந்தனை இறுகும்: சிவப்பு எண்களின் தலைகீழிகளை, எல்-2-இல் வர்க்கப்படுத்தி, எல்-3-இல் கனப்படுத்தி, எல்-1-இல் அப்படியே கூட்டினால் தொடர் ஒருங்க வேண்டும். இந்தக் கச்சிதமான வடிவம் க்ரோஸ்-எர்ட்மன் 2000-இல் கொடுத்தது. பூச்சியத்துக்குப் போகும் தொடர்வரிசைகளின் வெளியில் கூட்டவே வேண்டாம், சிவப்பு வரி முடிவிலிக்குப் போனால் போதும்.

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. ஒரே அடியில் திரும்பும் வெக்டரை எழுதுங்கள்: முதல் உறுப்பு 1, பிறகு சிவப்பு எண்களின் தலைகீழிகள் ஒவ்வொன்றாக. அந்த வெக்டர் நம் வெளிக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி! பூச்சியமல்லாத ஒரு சுழற்சிப் புள்ளி கிடைத்தாலே முழுக் கேயாஸும் கிடைத்துவிடும் என்பது நகர்த்திகளின் தனிச்சிறப்பு. சுழற்சி நீளம் 7 என்றால் ஏழேழு இடம் தள்ளியுள்ள தலைகீழிகளின் தொடர் ஒருங்குகிறது என்று தெரியும்; எடைகள் எல்லைக்குட்பட்டவை என்பதால் நடுவில் உள்ளவை இவற்றைவிட ஒரு நிலையான மடங்குக்கு மேல் பெரிதாக முடியாது; ஆகவே மொத்தத் தொடரும் ஒருங்கும்.

போட்டுப் பார்ப்போம். எடைகள் 2, 3/2, 4/3, 5/4, … . சிவப்பு வரி 2, 3, 4, 5, … . திரும்பும் வெக்டர் (1, 1/2, 1/3, 1/4, …). வர்க்கங்களின் கூட்டல் எல்லோருக்கும் தெரிந்தது, பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே எல்-2-இல் கேயாஸ். எடைகள் 1-ஐ நோக்கியே நெருங்குகின்றன, இருந்தும் கேயாஸ்! எல்-1-இல் அதே வெக்டர் 1 + 1/2 + 1/3 + … என்ற ஹார்மோனிக் தொடராகி விரிகிறது (எல்லையில்லாமல் கூடுகிறது). அங்கே பாதை அடர்த்தியாக இருக்கும், சுழற்சிப் புள்ளி ஒன்றும் இருக்காது, பூச்சியத்தைத் தவிர.

இப்போது ஒவ்வொரு எடைக்கும் வர்க்கமூலம் எடுங்கள். சிவப்பு வரி √2, √3, 2, √5, … . எல்-2-இல் வர்க்கப்படுத்தினால் மீண்டும் ஹார்மோனிக், கேயாஸ் இல்லை. எல்-3-இல் அடுக்கு 3/2 ஆகிறது, ஒருங்குகிறது, கேயாஸ் உண்டு. அதே எடைகள், அதே நகர்த்தல். மாறியது வெளி மட்டும். "இந்த ஆபரேட்டர் கேயாஸ் ஆனதா?" என்று வெளியின் பெயர் சொல்லாமல் யாராவது கேட்டால், நான் எந்த வெளியில் என்று கேட்காமல் பதில் சொல்வதில்லை.

ஏறி இறங்கும் வகைக்கும் ஒன்று: எடைகள் 2, 1/2, பிறகு 2, 2, 1/2, 1/2, பிறகு மூன்று 2, மூன்று 1/2. சிவப்பு வரி 2, 1, 2, 4, 2, 1, 2, 4, 8, 4, 2, 1, … . உச்சம் எல்லையில்லாமல் ஏறுகிறது, ஆகவே அடர்த்தியான பாதை உண்டு. ஆனால் 1 திரும்பத் திரும்ப வருவதால் எந்த எல்-வெளியிலும் தொடர் ஒருங்காது. கேயாஸ் இல்லை.

எல்-வெளிகளில் இந்த அட்டவணை இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. பாதை ஒவ்வொரு பகுதிக்கும் போவது மட்டுமல்ல, நேர்மறையான விகிதத்தில் அடிக்கடி போகிறதா என்ற கேள்வியை பயாரும் க்ரிவோவும் எழுப்பினார்கள். நகர்த்திகளுக்கு அந்த நிபந்தனையும் கேயாஸ் நிபந்தனையும் ஒன்றே என்று பயாரும் ரூஷாவும் 2015-இல் நிறுவினார்கள். பூச்சியத்துக்குப் போகும் தொடர்வரிசைகளின் வெளியில் மட்டும் இது பொய்க்கும்.

நகர்த்தி இல்லாதபோது

சிவப்பு வரி நகர்த்திக்கு மட்டும்தான். வேறு ஆபரேட்டர் என்றால் ஐகன் வெக்டர்களைத் தேடுங்கள். மூன்று கூடைகள்: ஐகன் மதிப்பின் மட்டு 1-க்குக் கீழே உள்ளவை, 1-க்கு மேலே உள்ளவை, ஒன்றின் படிமூலங்களாக (ஏதோ ஒரு படிக்கு உயர்த்தினால் 1 ஆகுபவையாக) இருப்பவை. ஒவ்வொரு கூடையிலும் உள்ள வெக்டர்களின் நேரியல் சேர்க்கைகள் தனித்தனியே அடர்த்தியாக இருந்தால் கேயாஸ். இது கோடெஃப்ருவா, ஷபிரோ வழி. சமனி ஆபரேட்டரோடு (வெக்டரை மாற்றாமல் விடுவதோடு) வெறும் பின்நகர்த்தியைக் கூட்டி எல்-2-இல் பாருங்கள். ஐகன் மதிப்புகள் 1-ஐ மையமாகக் கொண்ட, ஆரம் 1 உள்ள திறந்த வட்டம் முழுவதும். அது அலகு வட்டத்தை வெட்டுகிறது. உள்ளேயும் வெளியேயும் இடம் உண்டு, வெட்டும் வில்லில் படிமூலங்கள் ஏராளம். கேயாஸ்.

ஆனால் கூட்டும் நகர்த்தியின் எடைகளை 1, 1/2, 1/3, 1/4, … என்று குறைத்துவிட்டால் கதை மாறுகிறது. எடை பூச்சியமாகாத எந்த நகர்த்தியைச் சமனியோடு கூட்டினாலும் அடர்த்தியான பாதை உண்டு என்பது சாலாஸின் அதே 1995 கட்டுரையின் அழகான முடிவு. ஐகன் மதிப்பு மட்டும் 1 ஒன்றே. சுழற்சிப் புள்ளிகளைத் தேடினால் முதல் உறுப்பைத் தவிர மற்றவை பூச்சியமான வெக்டர்களே கிடைக்கும். ஒரே ஒரு கோடு. கேயாஸ் இல்லை.

கணினியில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். ரோலெவிச்சின் ஆபரேட்டரை 1000 உறுப்புகள் கொண்ட வரிசையாக எழுதினால், 1000 அடிகளில் திரையில் எல்லாம் பூச்சியம். அந்த அணியின் ஐகன் மதிப்புகளும் எல்லாம் பூச்சியம். உண்மையான ஆபரேட்டருக்கோ ஆரம் 2 உள்ள வட்டம் நிறைய ஐகன் மதிப்புகள். வரிசையை நீட்டினாலும் தீராது. வழக்கமான 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் 2-இன் −1074-ஆம் படிக்குக் கீழே எதுவும் நிற்காது. தூரத்தில் சுருக்கிப் போட்டதெல்லாம் காணாமல் போய்விடும். கணினியில்தான் செய்ய வேண்டும் என்றால் இடம், பின்னத்தின் மேல் எண், 2-இன் அடுக்கு என்று மூன்று முழு எண்களாகச் சேமித்துப் பாருங்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன (3, −2) பத்தாவது அடியில் சரியாக வந்து நிற்கும்.

இந்த வழிகளை எந்த வெளிக்கும் நீட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முடிவிலி பரிமாணமுள்ள ஒவ்வொரு செப்பரபிள் (எண்ணத்தக்க அடர்த்தியான கணம் உள்ள) பனாக் வெளியிலும் அடர்த்தியான பாதை கொண்ட ஆபரேட்டர் உண்டு என்று அன்சாரி 1997-இலும் பெர்னால்-கொன்சாலெஸ் 1999-இலும் தனித்தனியே காட்டினார்கள். கேயாஸுக்கு அப்படி இல்லை. கேயாஸ் ஆபரேட்டர் ஒன்றுகூட இல்லாத பனாக் வெளிகள் இருக்கின்றன என்று போனெட், மார்ட்டினெஸ்-ஹிமெனெஸ், பெரிஸ் மூவரும் 2001-இல் நிறுவினார்கள்.

பயிற்சிக்கு: எடைகள் 2, 3/2, 4/3, 5/4, … இவற்றின் கனமூலங்கள். எல்-1 முதல் எல்-5 வரை எந்தெந்த வெளியில் கேயாஸ்? சிவப்பு வரி 2, 3, 4, 5-இன் கனமூலங்கள். எல்-3-இல் ஹார்மோனிக் வருகிறது, ஆகவே 1, 2, 3-இல் இல்லை. எல்-4, எல்-5-இல் உண்டு.